விஎம் ஹோஸ்டில் ரேம் கரைந்துகொண்டே போகிறதா? மெமரி லீக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம் வசதியில் விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. விஎம்களைத் தாங்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம் கெஸ்ட், வாங்கிய ரேமை விடுவிக்காமலே விடுவது மெமரி லீக். மேலே மேலாண்மைக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் இருந்தாலும் ஓபன்ஸ்டாக் இருந்தாலும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னலும், விஎம் ஒவ்வொன்றையும் ஒரு ப்ராசஸாக ஓட்டும் கியூஎமுவும்தான், அதனால் பதில்கள் எல்லோருக்கும் பொருந்தும். விஎம் ஓட்டும் வேறு தளங்களான ஹைப்பர்-வி, இஎஸ்எக்ஸ்ஐ, ஜென் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ரேம் எந்தத் தலைப்பில் போனது என்று கணக்குப் பார்க்கும் முன் ரீபூட் செய்யாதீர்கள். ரீபூட் செய்தால் தொல்லை சில வாரம் தள்ளிப்போகும், தடயம் மட்டும் அன்றைக்கே போய்விடும்.

ஹோஸ்டில் ரேம் 95 சதவீதம் காட்டுகிறது. லீக்தானே?

பெரும்பாலும் இல்லை. சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடும் கடன் அது. ஆகவே ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 'அவைலபிள்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். கெர்னல் 3.14-லிருந்து, அதாவது 2014-லிருந்து, கெர்னலே இந்த எண்ணை மதிப்பிட்டுச் சொல்கிறது. ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கி வைக்கும் டிஸ்க் இடம்) போகாமல் புது வேலைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான் அதன் பொருள். அது நன்றாக இருந்தால் டீ குடிக்கப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் கேஷ் 'கேஷ்டு' கணக்கில் வராது, 'யூஸ்டு' கணக்கில் வரும், 'அவைலபிள்' எண்ணும் அதனால் குறைவாகத் தெரியும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'லீக் லீக்' என்று வருகிற புகார்களில் ஒரு நல்ல பங்கு அங்கேதான் முடிகிறது.

அப்படியானால் எப்போது லீக் என்று சொல்லலாம்?

விஎம் எண்ணிக்கை மாறவில்லை, வேலைப்பளு மாறவில்லை, ஆனாலும் ஏதோ ஒரு தலைப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, நெருக்கடி வந்தாலும் இறங்கவில்லை. எல்லாம் சேர்ந்தால் லீக். இரவு பேக்கப் ஓடும்போது ஏறி காலையில் இறங்குகிற ரம்பப்பல் வரைபடம் லீக் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் ஏறிவிட்டு அப்புறம் படுத்துவிடுகிற கோடும் லீக் இல்லை, அது சூடேறும் நேரம். சாய்கோடு மாதிரி ஒரே சரிவில் வாரக்கணக்கில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டும். ப்ரோமித்தியஸும் நோட் எக்ஸ்போர்ட்டரும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பையும், ஆர்எஸ்எஸ் (ஒரு ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் ரேம்) வரிசையில் முதல் 20 ப்ராசஸையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதுகிற க்ரான் வரி ஒன்று போதும். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் தெரியும் வரைபடம் போதாது, எந்தத் தலைப்பு ஏறியது என்று அது முழுதாகச் சொல்லாது.

விஎம்முக்கு 8 ஜிபி கொடுத்திருக்கிறேன், உள்ளே 2 ஜிபிதான் பயன்படுகிறது என்கிறது, ஹோஸ்டில் பார்த்தால் அந்த கியூஎமு ப்ராசஸ் 8 ஜிபிக்கும் மேல் பிடித்திருக்கிறது. லீக் இல்லாமல் வேறென்ன?

இது லீக் இல்லை. விஎம் தொடங்கும்போது கியூஎமு 8 ஜிபிக்கு முகவரி மட்டும்தான் வாங்கி வைக்கும், உண்மையான ரேம் பக்கம் பக்கமாக, கெஸ்ட் தொடும்போதுதான் ஒட்டும். ஒருமுறை தொட்ட பக்கத்தைக் கெஸ்ட் தனக்குள் விடுவித்தாலும் ஹோஸ்டுக்கு அது தெரியாது. கெஸ்ட்டுக்குள் ஒரு வைரஸ் ஸ்கேனோ முழு பேக்கப்போ ஓடினால் உள்ளே டிஸ்க் கேஷ் நிரம்பும், அதோடு எல்லாப் பக்கமும் தொடப்பட்டுவிடும். விண்டோஸ் கெஸ்ட் பூட் ஆகும்போதே பக்கங்களைப் பூஜ்யமாக்கிக்கொண்டு வருவதால் அங்கே இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆக 8 ஜிபி கொடுத்த விஎம் ஒரு நாள் 8 ஜிபியைத் தொடும் என்றே திட்டமிடுங்கள். அதற்கு மேல் கியூஎமுவின் சொந்தச் செலவு என்று சில நூறு எம்பி வரை போகலாம். டிஸ்க் எண்ணிக்கை, செஃப் ஆர்பிடி (நெட்வொர்க் வழி டிஸ்க்) கேஷ், விஎன்சி எல்லாம் அதில் அடங்கும்.

திரும்ப வாங்க வழி இருக்கிறது. பலூன் டிரைவர் (கெஸ்ட்டுக்குள் ரேமைப் பிடித்து ஹோஸ்டுக்கு விட்டுக்கொடுக்கும் டிரைவர்) ஒன்று: ப்ராக்ஸ்மாக்ஸில் குறைந்தபட்ச ரேம் என்று தனியாக ஒரு எண் கொடுத்திருந்தால், ஹோஸ்ட் பயன்பாடு 80 சதவீதத்தை நெருங்கும்போது அது கெஸ்ட்டுகளிடமிருந்து தானாகப் பிடுங்க ஆரம்பிக்கும். ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங் இன்னொன்று: கெஸ்ட்டில் லினக்ஸ் 5.7-ம் ஹோஸ்டில் கியூஎமு 5.1-ம் அல்லது அதற்கு மேலும் இருந்து, பலூன் சாதனத்தில் அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால், கெஸ்ட் விடுவித்த பெரிய துண்டுகள் ஹோஸ்டுக்குத் திரும்பி வரும். கெஸ்ட்டின் டிஸ்க் கேஷ் மட்டும் வராது, அது கெஸ்ட்டின் பார்வையில் காலி இல்லையே. பிசிஐ பாஸ்த்ரூ கொடுத்த, அதாவது ஹோஸ்டின் கார்டு ஒன்றை நேரடியாகக் கொடுத்த விஎம்மில் இதெல்லாம் எதுவும் நடக்காது. சாதனம் நேரடியாக ரேமில் எழுதும் என்பதால் மொத்த ரேமும் தொடக்கத்திலேயே ஆணி அடித்து வைக்கப்படும்.

இசட்எஃப்எஸ்ஸின் கேஷான ஏஆர்சி எவ்வளவு பிடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஏஆர்சி சம்மரி என்ற கட்டளை இருக்கிறது, ஓட்டினால் இப்போதைய அளவும் உச்ச வரம்பும் முதல் திரையிலேயே தெரியும். லினக்ஸில் வெகுகாலம் இயல்பு வரம்பு மொத்த ரேமில் பாதி என்றே இருந்தது. 128 ஜிபி ஹோஸ்டில் 64 ஜிபி! ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1-லிருந்து புதிதாக நிறுவும்போது இன்ஸ்டாலர் இதை ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வைக்கிறது. ஆனால் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த ஹோஸ்டுக்கு இது தானாக வராது. அதே கிளஸ்டரில் புது நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு ஹோஸ்ட்) அமைதியாக இருக்க, பழைய நோட் மட்டும் 'லீக்' ஆகும் மர்மத்துக்கு அடிக்கடி இதுதான் விடை.

வரம்பு வைக்க, மோட்ப்ரோப் அமைப்பில் இசட்எஃப்எஸ் ஏஆர்சி மேக்ஸ் என்ற அளவுருவை பைட்டில் எழுதுங்கள், 8 ஜிபி என்றால் 8589934592. ரூட் டிஸ்க்கும் இசட்எஃப்எஸ் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் உங்கள் எண்ணை யாரும் படிக்க மாட்டார்கள். குறைந்தபட்ச வரம்பு ரேமில் 32-ல் ஒரு பங்கு என்று தானாக இருக்கும். அதைவிடக் கீழே மேக்ஸ் வைத்தால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும், ஆகவே அந்தக் குறைந்தபட்ச வரம்பையும் சேர்த்து இறக்குங்கள். ஏஆர்சியும் கேட்டால் திருப்பிக் கொடுக்கும் கடன்தான், ஆனால் கொஞ்சம் இழுத்தடிக்கும். பெரிய விஎம் ஒன்றைத் திடீரென்று தொடங்கும்போது அது சுருங்குவதற்குள் ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) முந்திக்கொள்ளலாம்.

சரி, ஏஆர்சியும் இல்லை, கேஷும் இல்லை. உண்மையிலேயே எங்கோ போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

மெம்இன்ஃபோவிலிருந்து. அதை ஒரு வரவு செலவு நோட்டாக எடுத்துக்கொண்டு ஒரு பேப்பரில் கூட்டிப் பாருங்கள். இந்தக் கூட்டலைச் செய்யாமல் நேராகக் கருவிகளுக்குப் போகிறவர்கள் பாதி நாளைத் தப்பான இடத்தில் தேடிக் கழிக்கிறார்கள்.

கூட்ட வேண்டியவை: மெம்ஃப்ரீ, பஃபர்ஸ், கேஷ்டு, ஸ்வாப்கேஷ்டு, அனான்பேஜஸ் (ப்ராசஸ்கள் தங்களுக்கென்று பிடித்தது), ஸ்லாப் (கெர்னல் தனக்கென்று பிடித்த சிறு துண்டுகள்), கெர்னல்ஸ்டாக், பேஜ்டேபிள்ஸ், புது கெர்னலில் இருந்தால் செக்பேஜ்டேபிள்ஸ், பெர்சிபியூ, அப்புறம் ஹியூஜ்பேஜ் ஒதுக்கீடு. ஏஆர்சி இருந்தால் அதையும் சேருங்கள். அதன் பெரும்பகுதி இந்தத் தலைப்புகள் எதிலும் வராது, சிறு பகுதி மட்டும் ஸ்லாப்பில் ஏற்கெனவே எண்ணப்பட்டிருக்கும் என்பதால் தோராயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஷ்மெம் (பகிர்வு ரேமும் ரேமிலேயே இருக்கும் கோப்புகளும்) என்பதைத் தனியாகக் கூட்டாதீர்கள், அது கேஷ்டுக்குள் அடக்கம். வந்த மொத்தத்தை மெம்டோட்டலில் கழியுங்கள். மிச்சம் 1, 2 ஜிபி என்றால் இயல்பு. 15 ஜிபி என்றால், கெர்னலுக்குள் யாரோ பெயர் எழுதாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட எப்போதும் ஒரு டிரைவர்.

மெம்டோட்டலே வாங்கிய ரேமைவிடக் குறைவாக இருப்பது பற்றியும் கேட்பார்கள். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட் குறிப்பு வைத்திருக்கிறது, அதாவது 1.56 சதவீதம். 512 ஜிபி ஹோஸ்டில் அதற்கே 8 ஜிபி. கேடம்புக்கு (கெர்னல் விழுந்தால் பதிவு எடுக்கும் வசதி) ஒதுக்கியது தனி. இது லீக் இல்லை, பூட்டிலேயே கழிக்கப்படும் பிடித்தம்.

இந்தக் கூட்டலை இன்று ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த வரி ஏறியதோ அதுதான் உங்கள் கேஸ். வழக்கமாக நாலில் ஒன்றாக இருக்கும்: அனான்பேஜஸ், ஷ்மெம், ஸ்லாப், இல்லையென்றால் கணக்கில் வராத மிச்சம்.

அனான்பேஜஸ் ஏறுகிறது. எந்த ப்ராசஸ் என்று எப்படிப் பிடிப்பது?

இதுதான் நாலில் எளிது. ஆர்எஸ்எஸ் வரிசையில் ப்ராசஸ்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கேஎஸ்எம் (ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்கும் கெர்னல் வசதி) ஓடுகிற ஹோஸ்டில் ஆர்எஸ்எஸ் பொய் சொல்லும், ஒரே பக்கத்தை நாலு விஎம் பகிர்ந்தாலும் நாலு பேர் கணக்கிலும் ஏறும். ஸ்மெம் கருவி காட்டும், பகிர்ந்ததைப் பங்கு பிரித்துக் கணக்கிடும் பிஎஸ்எஸ்தான் அங்கே நியாயமான எண்.

குற்றவாளி கியூஎமு என்றால், அந்த விஎம்முக்குக் கொடுத்த ரேமையும் ஆர்எஸ்எஸ்ஸையும் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் சில நூறு எம்பியில் நிற்காமல் ஜிபி கணக்கில் வளர்ந்தால், அது கியூஎமுவின் உண்மையான லீக். இதற்கு ஒரு அருமையான தற்காலிக மருந்து உண்டு, ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை: அந்த விஎம்மை வேறு நோடுக்கு லைவ் மைக்ரேட் செய்யுங்கள். அங்கே புது கியூஎமு ப்ராசஸ் தொடங்கும், கெஸ்ட்டின் ரேம் மட்டும்தான் போய்ச் சேரும், கசிந்த குப்பை பழைய ப்ராசஸோடு செத்துப்போகும். கெஸ்ட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ரீபூட்டுக்கு அனுமதி வாங்க மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

குற்றவாளி ஒரு டீமன் என்றால், அதாவது மானிட்டரிங் ஏஜென்ட், பேக்கப் ஏஜென்ட், லிப்வர்ட்டின் சொந்த டீமன் போன்றவை என்றால், ரீஸ்டார்ட் செய்தால் ரேம் திரும்பிவிடும், விஎம்கள் விழாது. ஆனால் கவனம், எல்லா வளர்ச்சியும் லீக் இல்லை. பல த்ரெட் ஓட்டும் நிரலுக்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) தனித்தனி அரீனா (ரேம் தொட்டி) கொடுக்கும், 64 பிட்டில் இயல்பாக ஒரு கோருக்கு 8 வரை. 64 கோர் உள்ள ஹோஸ்டில் அது எங்கே போகும் என்று யோசியுங்கள். மல்லாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். வளர்ச்சி நின்றால் அது துண்டு துண்டாய்ச் சிதறிய ரேம், லீக் இல்லை.

அப்படியும் ஏறினால் பிசிசி தொகுப்பில் இருக்கும் மெம்லீக் கருவியை அந்த ப்ராசஸ் எண்ணோடு ஓட்டுங்கள். வாங்கிவிட்டு விடுவிக்காத துண்டுகளை, எந்த ஃபங்ஷன் வழியாக வாங்கப்பட்டது என்ற தடத்தோடு காட்டும். டீபக் சிம்பல் நிறுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ஹெக்ஸ் எண்கள்தான் வரும். வேகமாக மெமரி வாங்கி விடுகிற ப்ராசஸில் இது நன்றாகவே வேகத்தைக் குறைக்கும், பகல் உச்ச நேரத்தில் வேண்டாம்.

ஷ்மெம் ஏறுகிறது என்றால்?

ரேமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டமான டிஎம்பிஎஃப்எஸ்ஸில் யாரோ கோப்பு எழுதுகிறார்கள். டெவ் ஷ்ம், ரன், டிஎம்பி மூன்றையும் டியூ போட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் பெரிதாக இல்லாவிட்டால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கிற கோப்புகளை எல்எஸ்ஓஎஃப்பில் தேடுங்கள். விர்ட்டியோ-எஃப்எஸ் பகிர்வு (ஹோஸ்டின் அடைவைக் கெஸ்ட்டுக்குக் காட்டும் வசதி) வைத்த விஎம்களின் ரேம் மெம்எஃப்டி என்ற பகிர்வு ரேம் வழியாக வருவதால் அதுவும் இந்தத் தலைப்பில்தான் விழும். அது லீக் இல்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்லாப் ஏறுகிறது. ஸ்லாப்டாப்பில் பார்த்தால் டென்ட்ரி என்று ஏதோ பல ஜிபி. இப்போது?

முதலில் ஸ்லாப்பை இரண்டாகப் பிரியுங்கள்: எஸ்ரீக்ளெய்மபிள், எஸ்அன்ரீக்ளெய்ம். கோப்புப் பெயர்களையும் விவரங்களையும் நினைவில் வைக்கும் டென்ட்ரியும் ஐநோடும் முதல் வகை, தேவைப்பட்டால் கெர்னல் விடுவிக்கும். கோடிக்கணக்கான சிறு கோப்புகளை பேக்கப் ஸ்க்ரிப்ட் ஒன்று தினமும் நடந்து பார்த்தால் இது வீங்கும். இல்லாத கோப்புகளைத் திரும்பத் திரும்பத் தேடினாலும் 'இல்லை' என்ற தகவலே ஒரு டென்ட்ரியாகச் சேரும். அசிங்கமாகத் தெரியும், ஆபத்து குறைவு.

எஸ்அன்ரீக்ளெய்ம்தான் ஆபத்து. ஸ்லாப்டாப்பை கேஷ் அளவு வரிசையில் ஓட்டி மேலே யார் என்று பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒரே அளவுள்ள கேஷ்களை ஸ்லப் (ஸ்லாப்பை நிர்வகிக்கும் கெர்னல் பகுதி) ஒன்றாக்கிவிடும், அதனால் திரையில் தெரிகிற பெயர் குற்றவாளியின் பெயராக இல்லாமல் அவனோடு அறை பகிர்ந்தவன் பெயராக இருக்கலாம். அந்தப் பெயரை வைத்து வலையில் தேடி வேறு யாரோ ஒருவரின் பக்கைத் துரத்திக்கொண்டு போய்விடுவோம். பூட் அளவுருவில் ஸ்லாப் நோமெர்ஜ் கொடுத்து ஒருமுறை பூட் செய்தால் உண்மைப் பெயர் வரும். கேமல்லாக்-64 மாதிரி பொதுப் பெயரே ஏறினால், அந்தக் கேஷுக்கு மட்டும் ஸ்லப் டீபக்கில் யூ என்ற பயனர் தடத்தை இயக்கி, டீபக்எஃப்எஸ்ஸில் அலாக் ட்ரேசஸ் கோப்பைப் படியுங்கள். எந்த ஃபங்ஷன் எத்தனை முறை வாங்கி வைத்திருக்கிறது என்று எண்ணோடு வரும்.

ஹோஸ்டில் கன்டெய்னர்களும் ஓடுகிறதா? அப்படியானால் செத்த சிகுரூப்களையும் (ப்ராசஸ் கூட்டத்துக்கு வரம்பு வைக்கும் கெர்னல் குழுக்கள்) பாருங்கள். அடைவு அழிந்தபின்னும், அதன் கணக்கில் ஏதோ ஒரு பக்கம் இன்னும் கேஷில் இருப்பதால், கெர்னல் அந்த சிகுரூப்பை விட முடியாமல் வைத்திருக்கும். மேல் அடைவின் சிகுரூப் ஸ்டாட் கோப்பில் இறந்துகொண்டிருக்கும் வாரிசுகளின் எண்ணிக்கை இருக்கும். அது பல ஆயிரம் என்றால், மெம்இன்ஃபோவில் பெர்சிபியூவும் சேர்ந்து ஏறியிருந்தால், ஏதோ ஒரு சர்வீஸ் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகிறது என்று பொருள். அந்த சர்வீஸைப் பிடியுங்கள்.

எந்தத் தலைப்பும் ஏறவில்லை, ஆனால் கணக்கில் வராத மிச்சம் நாளுக்கு நாள் பெரிதாகிறது.

இதுதான் கடினமான கேஸ். கெர்னலுக்குள் ஒரு டிரைவர் பேஜ் அலோகேட்டரிடம் நேரடியாகப் பக்கங்களை வாங்கினால் அது ஸ்லாப்பில் வராது, எந்த ப்ராசஸின் ஆர்எஸ்எஸ்ஸிலும் வராது. நெட்வொர்க் கார்டு டிரைவர்களின் ரிசீவ் பஃபர் இப்படித்தான் வாங்கப்படுகிறது. அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவர்கள் அவர்கள், அதுவும் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைத்து, நெட்வொர்க் வழி ஸ்டோரேஜான செஃப் அல்லது ஐஸ்கசி ஓட்டுகிற ஹோஸ்டில். அடுத்து ஸ்டோரேஜ் கன்ட்ரோலர், ஜிபியு, கெர்னலுக்கு வெளியிலிருந்து டிகேஎம்எஸ் வழியாகக் கட்டிய எந்த மாட்யூலும்.

கெர்னல் 6.10 அல்லது மேலே இருந்து, மெமரி அலோகேஷன் ப்ரொஃபைலிங் சேர்த்துக் கட்டியிருந்தால் உங்களுக்கு யோகம்தான். பூட் அளவுருவில் அதை இயக்கினால் ப்ராக் அடைவில் அலாக்இன்ஃபோ என்று ஒரு கோப்பு வரும். மூலக் கோப்பு, வரி எண் வாரியாக யார் எத்தனை பைட் இப்போது பிடித்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். அளவு வரிசையில் அடுக்கி, மறுநாள் இன்னொருமுறை அடுக்கி ஒப்பிட்டால் குற்றவாளி கையும் களவுமாக மாட்டுவார். பழைய கெர்னல் என்றால் பேஜ் ஓனர் என்ற பூட் அளவுரு: அதே வேலையைச் செய்யும், ஆனால் வெளியீடு மலைபோல் வரும், கெர்னல் மூலத்தோடு கிடைக்கும் வரிசைப்படுத்தும் கருவி இல்லாமல் படிக்க முடியாது.

இதெல்லாம் செய்ய நேரமில்லை. ஒரே ஒரு சோதனை சொல்லுங்கள் என்றால்?

ஹோஸ்டைக் காலி செய்யுங்கள். கிளஸ்டர் இருந்தால் எல்லா விஎம்மையும் அடுத்த நோடுகளுக்கு மைக்ரேட் செய்துவிட்டு, ஏஆர்சி வரம்பை இறக்கி, டிராப் கேஷஸில் (கேஷைக் கொட்டச் சொல்லும் கெர்னல் கோப்பு) 3 எழுதிவிட்டு, ஃப்ரீ கட்டளையைப் பாருங்கள். புதிதாக பூட் ஆன வெற்று ஹோஸ்ட் 2, 3 ஜிபி பிடிக்கும். உங்களுடையதும் அங்கே வந்து நின்றால் கெர்னல் சுத்தம், பிரச்சினை விஎம்கள் பக்கம், பெரும்பாலும் நீங்கள் கையிருப்பைவிட அதிகமாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு விஎம்கூட இல்லாமல் 30 ஜிபி பிடித்துக்கொண்டு நின்றால், கெர்னல் லீக் என்று அடித்துச் சொல்லலாம். அந்த நிலையில் மெம்இன்ஃபோ, ஸ்லாப்இன்ஃபோ இரண்டையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாத அறையில் எடுத்த சாட்சியம் அது. அப்புறம் சந்தேகப்படுகிற மாட்யூல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம், எதை இறக்கும்போது ரேம் திரும்புகிறதோ அவன்தான். மாட்யூலை இறக்கியும் திரும்பாமல் போகலாம், கசிந்த பக்கத்தின் முகவரியையே டிரைவர் மறந்துவிட்டால் அதை யாரும் விடுவிக்க முடியாது.

பாஸ்த்ரூ விஎம்கள் பொதுவாக லைவ் மைக்ரேட் ஆகாது, அவற்றை நிறுத்தத்தான் வேண்டும்.

மணிக்கு ஒருமுறை டிராப் கேஷஸ் ஓட்ட க்ரானில் போட்டிருக்கிறேன், தவறா?

வேண்டாம். சோதனைக்கு ஒருமுறை, சரி. வாடிக்கையாக ஓட்டினால் கெர்னல் சேர்த்து வைத்த கேஷை நீங்களே கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வைக்கிறீர்கள். உண்மையான லீக்கில் இது ஒரு பைட்டையும் மீட்காது.

ரேம் காலியாக இருக்கும்போதே ஸ்வாப் நிரம்பியிருக்கிறது, அது?

எப்போதோ நெருக்கடி வந்தபோது வெளியே போன பக்கங்கள், யாரும் தொடாததால் அங்கேயே கிடக்கின்றன. ஸ்வாப் அளவைப் பார்க்காதீர்கள், விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ நெடுவரிசைகளைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் விட்டுவிடுங்கள்.

நடுராத்திரி ஒரு விஎம் தானாக அணைந்துவிட்டது. லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கிறது. செத்த விஎம்தான் லீக் செய்ததா?

அவசியம் இல்லை, பெரும்பாலும் அது அப்பாவி. ஓஓஎம் கில்லர் காரணத்தைத் தேடாது, பெரிய உருவத்தைத் தேடும். ஹோஸ்டில் பெரியவர் யார்? உங்கள் டேட்டாபேஸ் விஎம். ஏதோ ஒரு டிரைவர் 40 ஜிபி தின்றுவிட்டு உட்கார்ந்திருக்க, தண்டனை இவருக்கு.

ஆனால் சாகும் தருணத்தில் கெர்னல் லாகில் கொட்டுகிற அறிக்கை பொன். கெர்னல் ஜர்னலில் அந்த நேரத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டியலிடும் ப்ராசஸ்களின் ஆர்எஸ்எஸ் கேபியில் இருக்காது, 4 கேபி பக்கங்களில் இருக்கும். 4-ஆல் பெருக்காமல் கூட்டிவிட்டு 'மொத்தமே கால்வாசிதான் வருகிறது, மிச்சம் எங்கே' என்று குழம்புகிறவர்கள் ஏராளம். மேலே ஸ்லாப் அன்ரீக்ளெய்மபிள், ஷ்மெம் எண்களும் இருக்கும். எல்லாம் கூட்டியும் மொத்த ரேம் வரவில்லை என்றால் டிரைவர் கேஸ். அறிக்கையில் 'மெமரி சிகுரூப்' என்ற சொல் வந்தால் ஹோஸ்டில் ரேம் தீரவே இல்லை, அந்த சிகுரூப்புக்கு வைத்த வரம்புதான் தீர்ந்தது. அது வேறு கதை, வரம்பை உயர்த்துங்கள்.

முக்கியமான விஎம்மைக் காப்பாற்ற அதன் ப்ராசஸுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் எண்ணை மைனஸில் வைக்கலாம். சாவு வேறு வீட்டுக்குப் போகும், நிற்காது.

கேமெம்லீக்கை ப்ரொடக்ஷனில் ஓட்டலாமா?

கேமெம்லீக் என்பது கெர்னலுக்குள்ளேயே லீக் தேடும் கருவி. அதற்கென்று கட்டிய கெர்னல் வேண்டும், ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் பதிந்துகொண்டே போவதால் ஹோஸ்ட் தள்ளாடும், பொய்ப் புகாரும் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேல், நேரடிப் பக்க ஒதுக்கீடுகளை அது கண்காணிப்பதே இல்லை, அதாவது மேலே சொன்ன நெட்வொர்க் டிரைவர் கேஸில் பயன் இல்லை. லேபில் ஒரு நோட் இருந்தால் அங்கே ஓட்டுங்கள்.

ஹைப்பர்-வி ஹோஸ்ட். டாஸ்க் மேனேஜரில் எல்லா ப்ராசஸும் கூட்டினால் 6 ஜிபி, ஆனால் 110 ஜிபி பயன்பாடு என்கிறது.

விஎம்களின் ரேம் அந்தப் பட்டியலில் தெரியாது. விஎம் ஒவ்வொன்றுக்கும் ஓடும் விஎம்டபிள்யூபி ப்ராசஸ் சின்னதாகத்தான் இருக்கும். சிஸ்இன்டர்னல்ஸின் ராம்மேப் எடுத்துத் திறந்தால் 'டிரைவர் லாக்டு' என்ற வரியில் விஎம்களின் ரேம் மொத்தமாக இருக்கும். அது நீங்கள் ஒதுக்கியதோடு ஒத்துப்போனால் சரி. 'நான்பேஜ்டு பூல்' பல ஜிபி என்றால் அது லீக். பூல்மான் கருவியை ஓட்டி பி (B) விசையை அழுத்தி பைட் வரிசையில் அடுக்கினால் நாலெழுத்துக் குறி ஒன்று மேலே நிற்கும். டிரைவர்கள் அடைவில் அந்தக் குறியை ஃபைன்ட்ஸ்டர் போட்டுத் தேடினால் எந்த சிஸ் கோப்பு என்று தெரிந்துவிடும். ஆன்டிவைரஸ், பேக்கப் மென்பொருள்களின் ஃபில்ட்டர் டிரைவர்களை முதலில் சந்தேகியுங்கள்.

இஎஸ்எக்ஸ்ஐ-யில்?

'கன்ஸ்யூம்டு' 95 சதவீதம் என்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், மேலே கியூஎமு ஆர்எஸ்எஸ்ஸுக்குச் சொன்ன அதே கதை. இஎஸ்எக்ஸ்டாப்பில் எம் அழுத்தி மேல் வரியில் நிலையைப் பாருங்கள். 'ஹை' என்றிருந்தால் நிம்மதி. சாஃப்ட், ஹார்ட், லோ என்று இறங்கினால்தான் பலூனும் ஸ்வாப்பும் வேலை செய்யும். ஒரே மாதிரி விஎம்கள் நிறைய இருந்தும் பக்கப் பகிர்வு நடக்கவில்லையே என்பவர்களுக்கு: விஎம்களுக்கு இடையிலான பகிர்வைப் பாதுகாப்புக் காரணத்துக்காக 2014-ல் விஎம்வேர் இயல்பாக அணைத்துவிட்டது. உண்மையான லீக் இங்கே பெரும்பாலும் ஹோஸ்ட்டி மாதிரி மேலாண்மை டீமன்களில் வரும். அவற்றுக்குத் தனி வரம்பு உண்டு, அது தீர்ந்ததும் விகெர்னல் லாகில் 'அட்மிஷன்' தோல்வி என்று வரிகள் வரும், ஹோஸ்ட் விசென்டரிலிருந்து துண்டிக்கப்பட்டதாகத் தெரியும், விஎம்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டீமனை ரீஸ்டார்ட் செய்தால் திரும்பும்.

ஜென் அல்லது எக்ஸ்சிபி-என்ஜி?

டாம்0-க்கு (ஹோஸ்டை நிர்வகிக்கும் சிறப்பு விஎம்) பூட்டிலேயே ஒரு சிறு அளவு ஒதுக்கிவிடுவார்கள், விஎம்களின் ரேம் அதற்கு வெளியே. ஆகவே விஎம் ரேமோடு குழப்பம் இல்லை, ஆனால் 4 ஜிபி டாம்0-வில் தினம் 50 எம்பி கசிந்தாலே இரண்டு மூன்று மாதத்தில் மூச்சுமுட்டும். உள்ளே இருப்பது லினக்ஸ்தான், மேலே சொன்ன கூட்டலை அப்படியே டாம்0-க்குள் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு டேப்டிஸ்க் ப்ராசஸ் ஓடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

திருத்தம் வரும்வரை மாதாமாதம் ரீபூட் செய்து ஓட்டலாமா?

தாராளமாக, ஆனால் கணக்கோடு. தினம் 400 எம்பி கசிகிறது, உங்களிடம் 20 ஜிபி தாராளம் இருக்கிறது என்றால் 50 நாள் தாங்கும். 30-ம் நாளில் நோட் நோடாகக் காலி செய்து ரீபூட் செய்யுங்கள். எல்லா நோடையும் ஒரே நாளில் பூட் செய்திருந்தால் எல்லாம் ஒரே வாரத்தில் நிரம்பும், அந்த நாட்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பழைய கெர்னலில் இது இல்லை என்று தெரிந்தால் அதற்குத் திரும்பி ஆணி அடித்துவிடுவது ரீபூட் அட்டவணையைவிட நல்லது.

பக் ரிப்போர்ட்டில் என்ன அனுப்ப வேண்டும்?

'ரேம் லீக் ஆகிறது, உதவவும்' என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெர்னல் பதிப்பு, கியூஎமு பதிப்பு, எந்தப் பதிப்பு வரை நன்றாக இருந்தது என்பது. பூட் ஆனவுடன் எடுத்த மெம்இன்ஃபோ, சில நாள் கழித்து எடுத்தது, இரண்டும் நேரத்தோடு. ஸ்லாப்இன்ஃபோவும் அப்படியே. நெட்வொர்க் கார்டின் மாடல், டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்பு, எம்டியு. ஹோஸ்டைக் காலி செய்து எடுத்த எண்கள் இருந்தால் அதை முதல் வரியிலேயே போடுங்கள், அலாக்இன்ஃபோ இருந்தால் முதல் 20 வரி. விஎம் பெயர்கள், ஐபி முகவரிகளை மட்டும் லாகிலிருந்து நீக்கிவிட்டு அனுப்புங்கள்.